ஸ்டோர் ரூமில் ஒரு பின்படைத் தலைவர்

யாவ் கொடுத்த லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில், 'ஊரில் என்னை ஸ்டூலில் உட்காரவைக்கிறார்கள், இரண்டு வாரம் ஆகும்' என்று எழுதியிருந்தது. ஸ்டூல் என்றால் எனக்குப் பரணிலிருந்து பித்தளை அண்டா இறக்க அம்மா ஏறி நிற்பதுதான் ஞாபகம் வரும். அதில் உட்கார எதற்கு இரண்டு வாரம்? கானாவுக்கு வந்து எனக்கு அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குமாசி நகரத்துக்கு வெளியே குடிதண்ணீரை பாட்டிலிலும் பாக்கெட்டிலும் அடைத்து விற்கிற ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர் வேலை. யாவ் எங்கள் ஸ்டோர்கீப்பர். மூடி, லேபிள், பிளாஸ்டிக் ரோல் எல்லாவற்றுக்கும் கணக்கு அவரிடம்தான். ஒரு பெட்டி மூடி குறைந்தாலும் அன்று ராத்திரி தூங்கமாட்டார். சரி, ஏதோ குடும்ப விசேஷம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மதியம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன்தான் விஷயத்தைச் சொன்னான். "சார், அவர் சீஃப் ஆகப்போகிறார். திரும்பி வந்ததும் யாவ் என்று கூப்பிட முடியாது. நானா என்றுதான் கூப்பிட வேண்டும்."

நான் நாகூர்க்காரன். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். பக்கத்து வீட்டு நானாதான் எனக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுத்தது. அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியில் நானா என்றால் தாத்தா, பாட்டி, மூதாதை. தலைவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதைச் சொல்லும் அதுதான். வியாழக்கிழமை பிறந்ததால் யாவ் என்று பெயர் பெற்ற மனிதர், முப்பத்தெட்டு வயதில், பதினைந்தே நாளில் ஊருக்கே தாத்தாவாகப் போகிறார்.

திரும்பி வந்த அன்று நான் நேராகவே கேட்டேன்: "என்ன சீஃப்? எதற்கு சீஃப்?" அவர் சிரித்துவிட்டு, ஸ்டோர் மேஜைமேல் ஒரு பை நீல மூடிகளைக் கொட்டினார். நடுவில் ஒரே ஒரு சிவப்பு மூடி வைத்தார். அதுதான் ஒஹேனே, ஊரின் தலைவர். 'ஹேனே' என்றாலே ஆள்பவர். சிவப்பு மூடிக்கு முன்னால் வரிசையாக நாலைந்து நீல மூடி: நடுப்படை, அதன் தலைவர் அடொன்டென்ஹேனே. வலப்பக்கம் நிஃபாஹேனே, இடப்பக்கம் பென்கும்ஹேனே. நிஃபா என்றால் வலது, பென்கும் என்றால் இடது, அவ்வளவுதான் அர்த்தம். சிவப்பு மூடியை ஒட்டிச் சுற்றிலும் சில மூடிகள்: தலைவரின் வீட்டாட்கள், சமையல்காரரிலிருந்து வாள் தூக்குபவர் வரை. அவர்களுக்குத் தலைவர் ஜாசெஹேனே. ஒரு மூடியைத் தள்ளி மேஜை ஓரத்தில் வைத்தார். "இவர் அன்கொபெயாஹேனே. அன்கொபெயா என்றால் எங்கும் போகாதவர்கள். படை கிளம்பினாலும் இவர்கள் ஊரைக் காத்துக்கொண்டு இருப்பார்கள்." கடைசியாக எல்லோருக்கும் பின்னால் ஒரு மூடி. அதை விரலால் தட்டினார். "இது நான். சிடொம்ஹேனே. பின்படைத் தலைவன்."

பின்படைக்கு என்ன வேலை என்றேன். பின்னாலிருந்து எதிரி பாய்ந்தால் தடுப்பது. அடிபட்டு, களைத்து, வழி தவறிப் பின்தங்குகிறவர்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வருவது. "போனது எத்தனை, வந்தது எத்தனை என்று கணக்குப் பார்ப்பவன். இங்கே செய்கிற வேலைதான் சார், சம்பளம் மட்டும் கிடையாது."

கானாவின் நடுவிலும் தெற்கிலும், பக்கத்து ஐவரி கோஸ்டின் கிழக்கிலும் பரவி வாழ்கிற அக்கான் மக்களில் அசாந்தி, ஃபான்டி, அச்செம், போனோ என்று பல பிரிவுகள். பட்டங்களின் பெயரும் வரிசையும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் அந்த மேஜையில் நான் பார்த்தது ஒரு பழைய போர் வியூகம். 1701இல் ஒசெய் டூட்டு தலைமையில் குமாசிப் பக்கத்துச் சிற்றரசுகள் ஒன்றுசேர்ந்து, தங்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்த டென்சிரா அரசை ஃபெயாசெ என்ற இடத்தில் தோற்கடித்தன. அசாந்திப் பேரரசு தலையெடுத்தது இந்த மாதிரிப் படை வரிசைகளின் மேல்தான். அசாந்தியின் கடைசிப் பெரிய போர் 1900இல் நடந்தது. அதற்குப் பிறகு படை கிளம்பவே இல்லை. உட்காரும் வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றும் ஊர்ச்சபை கூடினால் நிஃபாஹேனே வலப்பக்கம்தான் உட்காருவார், பென்கும்ஹேனே இடப்பக்கம்தான். இடம் மாறி உட்கார்ந்தால் அது சண்டையில் போய் முடியும்.

இவர்களுக்கு மேலேயும் கீழேயும் படிகள் உண்டு. சின்ன கிராமத்துக்கு ஒடிக்ரோ. பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டுக்கு ஒமான்ஹேனே. அசாந்தி முழுவதற்கும் அசாந்தேஹேனே. இதெல்லாம் போக ஒவ்வொரு தாய்வழிக் குடும்பத்துக்கும் அபுசுவாபன்யின் என்ற மூத்தவர். அவர் எந்தப் பீடத்திலும் உட்காருவதில்லை, ஆனால் கல்யாணம், கருமாதி, நிலத் தகராறு எதுவும் அவரைத் தாண்டிப் போகாது.

பீடம் என்று எழுதுகிறேன், கானா ஆங்கிலத்தில் ஸ்டூல்தான். ஒரே மரக்கட்டையில் குடைந்தது, நடுவில் வளைந்த இருக்கை. ஒருவரைத் தலைவராக்குவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டூலில் ஏற்றுவது' என்றும், பதவியைப் பறிப்பதற்கு 'ஸ்டூலிலிருந்து இறக்குவது' என்றும் தனி வினைச்சொற்களே இங்கே புழக்கத்தில் இருக்கின்றன. நல்லபடியாக ஆண்டு, பதவியிலேயே காலமான தலைவரின் பீடத்தைக் கறுப்பாக்கி ஒரு தனி அறையில் வைப்பார்கள். புதியவரை அந்தக் கறுப்புப் பீடத்தின் மேல் மூன்று முறை மெல்லத் தொட்டும் தொடாமலும் உட்காரவைத்து எடுப்பார்கள். அதோடு அவர் முன்னோர் வரிசையில் சேர்ந்துவிடுகிறார். அசாந்தியின் தங்கப் பீடம் இதில் தனி ரகம். பூசாரி ஒகொம்ஃபோ அனோச்சி வானத்திலிருந்து வரவழைக்க, ஒசெய் டூட்டுவின் மடியில் ஒரு வெள்ளிக்கிழமை இறங்கியது என்பது கதை. அதனால் அதற்கும் வெள்ளிக்கிழமைப் பிள்ளைகளின் பெயரே: சிகா துவா கோஃபி. அதில் யாரும் உட்காருவதில்லை, அரசரும்கூட. அது உட்காருவதற்குத் தனி இருக்கையும், தலைக்கு மேல் தனிக் குடையும் உண்டு.

1900இல் ஹாட்ஜ்சன் என்ற பிரிட்டிஷ் கவர்னர் குமாசிக்கு வந்து, அந்தப் பீடம் எங்கே, அதில் நான் உட்காரவேண்டாமா என்கிற தோரணையில் பேசினார். அரசர் பிரெம்பே ஏற்கெனவே 1896இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டிருந்தார். ஆண்கள் தயங்கி நின்றபோது போரை முன்னின்று நடத்தியவர் எஜிசு ஊரின் ஒஹேமா, அதாவது ராஜமாதா, யா அசாந்தேவா. அவரை சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1921இல் அங்கேயே இறந்தார். தங்கப் பீடம் அவர்கள் கையில் சிக்கவே இல்லை.

யாவின் ஊருக்குப் போகும் வழியில்தான் எஜிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்வசிடே நாளில், ஃபோர்க்லிஃப்ட் பையனையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். அக்கான் நாட்காட்டியில் 42 நாள் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் வருகிற அக்வசிடே அன்று முன்னோர் பீடங்களுக்குப் படையல் வைத்து, தலைவர் வெளியே வந்து உட்காருவார். வெறுங்கையோடு போகக் கூடாது என்றதால் ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் வாங்கிக்கொண்டேன். ஒரு காலத்தில் டச்சு வியாபாரிகள் கொண்டுவந்த சரக்கு, இன்று முன்னோருக்குத் தரையில் ஊற்றுவதற்கு அதுதான் முறையான பானம்.

யாவின் குடும்ப வீட்டு முற்றத்தில் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு தோளை மூடிய கென்டே துணி, கையில் தங்க நிறக் காப்பு, காலில் அகலமான கறுப்புச் செருப்பு. காப்பு முழுத் தங்கம் இல்லை, மரத்துக்குத் தங்கத் தகடு, அதுவும் வாடகைக்கு என்று அப்புறம் அவரே சொன்னார். ஏழெட்டுப் பெரியவர்கள் பக்கத்தில். நான் இரண்டு தப்பு செய்தேன். வலது கையில் போன் இருந்ததால் பாட்டிலை இடது கையால் நீட்டினேன். போதாக்குறைக்கு, "என்ன யாவ், ராஜா மாதிரி இருக்கிறீர்களே!" என்று அவர் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னேன்.

யாவ் பதில் சொல்லவில்லை. தினமும் என்னோடு சோளமாவுக் கெங்கி சாப்பிடுகிற மனிதர், என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் பையன் என் கையிலிருந்த பாட்டிலை மெல்ல வாங்கி வலது கைக்கு மாற்றி, பக்கத்தில் கோலோடு நின்ற ஒரு கிழவரிடம் கொடுத்தான். கிழவர் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். முதலில் தண்ணீர் வந்தது. குடித்து முடிக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு 'அமானெ' கேட்டார்கள்: வந்த விஷயம் என்ன? பையன் என் சார்பில் கிழவரிடம் சொன்னான். கிழவர் அதையே இன்னும் கொஞ்சம் அழகாக, பழமொழி ஒன்று சேர்த்து, யாவிடம் சொன்னார். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யாவ், இப்போதுதான் கேட்டதுபோல் தலையசைத்து, மெதுவாக ஏதோ சொன்னார். கிழவர் திரும்பி, உரத்த குரலில் எனக்குச் சொன்னார்: "வரவேற்கிறோம். உங்கள் வழிப்பயணம் நல்லபடியாக அமைந்ததற்கு நானா மகிழ்கிறார்."

அந்தக் கிழவர்தான் ஒச்சியாமே. ஆங்கிலத்தில் மொழியாளர் என்கிற பொருளில் 'லிங்குவிஸ்ட்' என்பார்கள், அந்தச் சொல் பொருத்தமே இல்லை. அவர் மொழிபெயர்ப்பவர் அல்லர், தலைவரின் வாய். தலைவரிடம் பேசுவதும் தலைவர் பேசுவதும் அவர் வழியாகத்தான். தலைவர் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால் அது கிழவர் வாயில் பதமாகித்தான் வெளியே வரும். மோசமான தலைவர் என்று யாரும் இல்லை, மோசமான ஒச்சியாமேதான் உண்டு என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கிற கோலின் உச்சியில் ஒரு சிற்பம் இருக்கும். ஒரு கை முட்டையைப் பிடித்திருப்பதுபோல் செய்த கோலை நான் குமாசியில் பார்த்தேன். அதிகாரம் முட்டை மாதிரி, இறுக்கினால் உடையும், விட்டால் விழுந்து உடையும். இந்த ஊர் அதைப் பேச்சில் சொல்வதோடு விடாமல், சபையில் தலைவர் கண்ணெதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது வேறொரு காட்சி. யாவின் அண்ணன், அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர், உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றி, தோளில் கிடந்த துணியை இடுப்புவரை இறக்கிவிட்டு வணங்கினார். தோளில் துண்டு போடுவதும் இறக்குவதும் எங்கள் பக்கத்தில் என்னவாக இருந்தது என்று தெரிந்த எனக்கு அது உறுத்தியது. திரும்பும் வழியில் பையனிடம் கேட்டேன். "அது அவருக்கு இல்லை சார். அவருக்கு முன்னால் அந்தப் பீடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு." ஒப்புக்கொண்டேன், ஆனால் முழுக்க இல்லை.

அண்ணன் இருக்கத் தம்பி எப்படித் தலைவர் ஆனார்? இங்கே மூத்த பிள்ளைக்கு என்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. முதலில், அப்பாவின் பீடம் மகனுக்கு வராது. அக்கான்களுக்கு ரத்தம் அம்மாவிடமிருந்து வருவது. குலம், சொத்து, பீடம் எல்லாம் அந்த வழிதான். ஆகவே பட்டம் வருவது வொஃபாவிடமிருந்து. வொஃபா என்றால் நம் தாய்மாமன். நம் தாய்மாமன் சீர் கொண்டுவருவார், இவர்களுடைய தாய்மாமன் பீடத்தையே விட்டுப்போவார். யாவின் வொஃபா காலமானதும் குடும்பத்துப் பெரியவர்கள் கூடினார்கள். அண்ணன் குடிப்பவர். ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் ஹாம்பர்க்கில் இருக்கிறார், வரமாட்டேன் என்றுவிட்டார். மிச்சம் இருந்தது கணக்குச் சுத்தமான இந்த ஸ்டோர்கீப்பர். "நான் ஓடி ஒளிந்திருப்பேன் சார். ஆனால் எங்கள் கிழவி முடிவு பண்ணிவிட்டாள்."

ஊர்த் தலைவரைப் பொறுத்தவரை அந்தக் கிழவிக்குப் பதவியே உண்டு: ஒஹேமா. ராஜமாதா என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் தலைவரின் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. சகோதரி, சித்தி, பெரியம்மா யாராகவும் இருக்கலாம். காலியான பீடத்துக்குப் பெயர் முன்மொழிவது அவர். அவருக்கும் தனிப் பீடம், தனிச் சபை, தனி ஒச்சியாமே உண்டு. இன்றைய அசாந்தேஹேனே இரண்டாம் ஒசெய் டூட்டு 1999இல் பட்டத்துக்கு வந்தபோது ஒஹேமாவாக இருந்தவர் அவர் அம்மா அஃபியா கோபி. 1977லிருந்து 2016வரை அந்தப் பதவியில் இருந்தார். தலைவரைச் சபையில் எல்லோர் முன்னாலும் கண்டிக்கிற உரிமையும் ஒஹேமாவுக்கு உண்டு. அன்று மாலை ஊர் ஒஹேனேயின் முற்றத்தில் அதை நானே பார்த்தேன். குடை சுழல, கொம்பு ஊத, ஃபொன்டொம்ஃப்ரொம் முரசு அதிர அந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மெலிந்து உட்கார்ந்திருந்த பாட்டி, தலையைத் திருப்பாமலே ஒரு வாக்கியம் சொன்னார். ஒஹேனே குனிந்துகொண்டார். மூன்று மணிக்கு என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு வருவது என்ன பழக்கம் என்று கேட்டாராம்.

பட்டம் கட்டும்போது ஊர் சார்பில் தலைவருக்குச் சில புத்திமதிகளைச் சபையில் உரக்கச் சொல்வார்கள். ரேட்ரே என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1920களில் அசாந்தி நாட்டில் இதையெல்லாம் கேட்டுக் குறித்திருக்கிறார். பேராசை கூடாது, எங்களைச் சபிக்கக் கூடாது, காது மந்தமாகக் கூடாது, யாரையும் முட்டாள் என்று சொல்லக் கூடாது, யாரையும் கேட்காமல் தானாக எதுவும் செய்யக் கூடாது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: எனக்கு நேரமில்லை என்று சொல்லக் கூடாது. இவற்றை மீறினால் பெரியவர்கள் குற்றம் சாட்டி, விசாரித்து, இறக்கிவிடலாம். இறக்குவதற்கான அடையாளம் செருப்பைக் கழற்றிவிடுவது. ஏனென்றால் தலைவரின் வெறுங்கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஊருக்கே கேடு.

இந்தச் செருப்பு விவகாரம் எங்கள் தொழிற்சாலைக்குள்ளும் வந்தது. தண்ணீர் நிரப்பும் அறைக்குள் போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போடுவதற்கென்று இருக்கிற வெள்ளைச் செருப்பை மாட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எட்டு வெறுந்தரை. யாவ் அங்கே வந்ததும் நின்றுவிட்டார். நான் விதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் துடைப்பம் பிடிக்கிற அம்மா ஓடிவந்து, வெள்ளைச் செருப்பை இந்தப் பக்கமாக, அவர் காலை ஒட்டி வைத்தார். ஒரு செருப்பிலிருந்து கால் எடுத்து நேராக மறு செருப்பில். அதே மாதிரி மறு கால். தரையில் படவில்லை. சுகாதார விதியும் மீறப்படவில்லை. அன்றிலிருந்து அந்தச் செருப்பு இந்தப் பக்கமே இருக்கிறது.

ரொம்ப அழகாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அசிங்கமும் இருக்கிறது. கானாவில் நிறைய நிலம் பீடங்களின் பெயரில்தான். தலைவர் அதற்குச் சொந்தக்காரர் அல்லர், காப்பாளர். அந்த நிலத்தில் வருகிற வருமானத்தில் நிர்வாகத்துக்குப் பத்து சதவீதம் போக, மிச்சத்தில் 25 சதவீதம் பீடத்துக்கு, 20 பாரம்பரிய சபைக்கு, 55 மாவட்ட மன்றத்துக்கு என்று 1992 அரசியல் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. ஆனால் மனை வாங்கப் போகிறவர் கொடுக்கும் 'குடிப்பணம்' அந்தக் கணக்குக்குள் எளிதில் வராது. ஒரு காலத்தில் அது மரியாதைக்கு ஒரு ஷ்னாப்ஸ் பாட்டில், இன்று கனமான கவர். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பது, கோகோ தோட்டத்தைச் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத்துக்குத் திறந்துவிடுவது, பீடத்துக்கு யார் வாரிசு என்று வருஷக்கணக்காக வழக்கு நடத்துவது எல்லாம் நடக்கிறது. எங்கள் நிறுவனமே ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு பீடங்கள் அந்த நிலத்துக்கு அடித்துக்கொண்டதில் ஒரு வருஷம் திண்டாடியது. கட்சி அரசியலில் மட்டும் தலைவர்கள் இறங்க முடியாது. அதே அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு தடுக்கிறது. நேரடியாக என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பட்டமும் ஒன்று முளைத்திருக்கிறது. 1980களில், அசாந்தேஹேனே இரண்டாம் ஒபொகு வாரே காலத்தில் வந்தது: ங்கொசுவொஹேனே, வளர்ச்சித் தலைவர். இதற்குத் தாய்வழியெல்லாம் தேவையில்லை. பள்ளிக்கூடம், கிணறு என்று ஊருக்கு உதவுகிற யாருக்கும், வெளிநாட்டவருக்கும்கூட, கொடுக்கலாம். வெள்ளைக்காரர்கள் சிலர் கென்டே போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது இப்படித்தான். எனக்கும் அந்த ஆசை ஒரு நாள் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். யாவிடம் ஜாடையாகக் கேட்டேன். போர்வெல் போட என்ன செலவாகும் தெரியுமா என்று விலைப்பட்டியலோடு மறுநாள் வந்தார். பேச்சை மாற்றிவிட்டேன்.

தொழிற்சாலைக்குள் யாவ் என்றே கூப்பிடுங்கள், இங்கே நான் ஸ்டோர்கீப்பர்தான் என்று அவர் சொல்லியிருந்தார். தொழிலாளிகள் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் நானா. நான் மட்டும் யாவ் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் அல்லவா.

போன டிசம்பர் 31 அன்று வருஷக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை. மாலை ஆறு மணிக்குள் முடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். லேபிள் ரோல் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து. இரண்டு அண்ணன் தம்பிகள் கோகோ மர வரிசை ஒன்றுக்காகக் கத்தியைத் தூக்கியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் ஒரே கூச்சல். அவர்களில் ஒருவன் நேராக இவரிடமே கத்தினான். யாவ் வாயே திறக்கவில்லை. சற்று நேரத்தில் ஒச்சியாமே கிழவர் யாருடைய போனையோ வாங்கி, கனைத்துக்கொண்டு, இரண்டு பக்க நியாயத்தையும் வரிசையாகச் சொன்னார். யாவ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, போனுக்குள் இருக்கிற கிழவரிடம் மட்டும், மெல்லிய குரலில் நாலு வாக்கியம். எண்பது கிலோமீட்டர் தள்ளி அது உரத்த குரலில் திரும்பச் சொல்லப்படுவது இங்கே கேட்டது. கூச்சல் கொஞ்சம் அடங்கியது. மறுபடி ஒருவன் ஆரம்பித்தான்.

நான் எண்ணிக்கைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மணி ஐந்தே முக்கால். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, ஒரு நிமிடம் என்பதுபோல் விரலைத் தூக்கினார்.

"பரவாயில்லை நானா, முடித்துவிட்டு வாருங்கள்" என்றேன்.